ரிவெஞ்ச் ஆஃப் த ஃபாலன்: எதற்காக இவ்வளவு ஆவல்?

3 பிப்ரவரி 2009, ஒரு வாசகரின் கேள்வி

வண்டிகளாக உருமாறும் ரோபோக்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் இரண்டாம் பாகமான இதன் குட்டி முன்னோட்டம் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்கு நடுவே வந்தாலும் வந்தது, ஆளாளுக்குக் குதிக்கிறீர்கள். முதல் படத்தில் பையன் கார் வாங்குவதும் அந்தப் பெண் பின்னால் அலைவதுமே பாதி. சண்டை வந்தபோது எது கை, எது கால் என்றே புரியவில்லை. பொம்மை விற்க எடுத்த படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அப்படி எதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள்?

4 பிப்ரவரி 2009

எது கை, எது கால் என்று தெரியவில்லை என்கிறீர்கள் அல்லவா, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் காத்திருப்பதே அதற்காகத்தான். இந்த முறை தெரிய வேண்டும்.

2007 படத்தில் ஒரு காட்சி. இரவு நேரச் சந்து ஒன்றில் நீலமும் சிவப்புமாக ஒரு லாரி வந்து நிற்கிறது. முகப்பு பிளக்கிறது. முன்கண்ணாடி இரண்டும் விலகி நெஞ்சில் போய் உட்காருகின்றன. சக்கரங்கள் கால்களோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன. எல்லாம் முடிந்தபின் தலை மேலே வருகிறது. அப்புறம் நல்ல ரோபோக்களின் தலைவரான ஆப்டிமஸ் பிரைம் குனிந்து, அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவருகிறார். கேமரா அவரைச் சுற்றி வருகிறது, அவசரப்படவில்லை. லாரியின் எந்தப் பாகம் உடம்பில் எங்கே போனது என்று நம்மால் சொல்ல முடிகிறது. அந்தச் சில விநாடிகளுக்காக முழுப் படத்தையும் மன்னிக்க நான் தயார்.

அதே படத்தின் கடைசி நகரச் சண்டையில் அந்த நிதானம் போய்விட்டது. கேமரா ரோபோக்களின் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆடியது. கெட்ட ரோபோக்களான டிசெப்டிகான்கள் எல்லாரும் ஒரே சாம்பல் நிறம் வேறு. யார் விழுந்தார், யார் எழுந்தார் என்று தெரிவதற்குள் காட்சி வெட்டப்பட்டுவிடும். உங்கள் புகார் நியாயமானது. அதே புகாரோடுதான் நானும் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறேன்.

4 பிப்ரவரி 2009, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற காட்சி விளைவு நிறுவனத்தின் கலைஞர்கள் முதல் படத்துக்காக ஆப்டிமஸை 10,108 பாகங்களைக் கொண்டு கணினியில் கட்டினார்கள். உருமாற்றத்துக்கென்று ஒரே ஒரு அசைவைச் செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டவில்லை. கேமரா எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதற்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையால் அசைவூட்டியிருக்கிறார்கள். அப்படி உழைத்துச் செய்த ஒன்றைக் கண்ணில் ஒரு நொடிகூடத் தங்கவிடாமல் வெட்டும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

6 பிப்ரவரி 2009

பொம்மை விற்க எடுத்த படம் என்பதற்குப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். சரி, சொல்கிறேன். ஆமாம், எல்லாம் பொம்மையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் டகாரா நிறுவனம் டயக்ளோன், மைக்ரோமேன் என்று இரண்டு பொம்மை வரிசைகளை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் வைத்து வெளியிட்டது. பெயர்களையும் குணங்களையும் எழுதிக் கொடுத்தது மார்வெல் காமிக்ஸ்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. டயக்ளோன் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே சின்னஞ்சிறு மனிதன் ஒருவன் உட்கார்ந்து ஓட்டுவான். வெறும் இயந்திரம். ஹாஸ்ப்ரோவும் மார்வெலும் சேர்ந்து அந்த ஓட்டுநரை இறக்கிவிட்டு, இயந்திரத்தையே ஆளாக்கினார்கள். தானே முடிவெடுக்கும், வருத்தப்படும், நண்பனுக்காக அடிவாங்கும் ஓர் ஆள். விற்பனைக்காகச் செய்ததுதான், ஆனால் செய்த வேலை பெரிய வேலை. லாரிக்குள் ஒருவர் இருக்கிறார் என்பதற்கும், லாரியே ஒருவர் என்பதற்கும் எவ்வளவு தூரம்!

சிறுவயதில் என்னிடம் ஓர் ஆப்டிமஸ் இருந்தது. அந்தப் பழைய பொம்மையின் இரண்டு கைமுட்டிகளும் தனித் துண்டுகள். லாரியாக மாற்றும்போது கழற்றி வைக்க வேண்டும், ரோபோவாக்கும்போது செருக வேண்டும். அதை வைத்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு முட்டி தொலைந்திருக்கும். எனக்கு வலது முட்டி போனது. லாரியாக இருக்கும்போது குறை எதுவும் தெரியாது. எழுந்து நின்றால் கை இராது. நான் அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்: டிசெப்டிகான்களின் தலைவன் மெகட்ரானோடு நடந்த சண்டையில் போன கை அது. அந்தக் கையோடுதான் அவர் எல்லாச் சண்டையும் ஜெயித்தார்.

7 பிப்ரவரி 2009

கதையை முன்கூட்டியே கசியவிடுபவர்கள் தயவுசெய்து மேலே ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள்.

24 பிப்ரவரி 2009

மெகட்ரான் வருகிறான்! இயக்குநர் மைக்கேல் பே இத்தனை நாள் இல்லை, இல்லை என்று சாதித்துவிட்டு இந்த மாதம் ஒப்புக்கொண்டுவிட்டார். பொய் சொன்னார் என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்குக் கோபமே இல்லை. முதல் படத்தின் முடிவில் அவனைக் கடலின் ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள், அவன் எழுந்து வருவதைத் திரையரங்கில் திடீரென்று பார்க்க வைக்க ஓர் இயக்குநர் ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? படத்தின் பொம்மைகளை முன்கூட்டியே காட்டும் பொம்மைக் கண்காட்சி என்று ஒன்று இருக்கும்வரை எந்த ரகசியமும் நிற்காது, அவ்வளவுதான்.

இந்த முறை பீரங்கி வண்டியாக மாறுகிறான். பழைய ரசிகர்களுக்கு இதில் வருத்தம், 1984-ல் அவன் கைத்துப்பாக்கி. தன் அடியாள் ஸ்டார்ஸ்கிரீமின் கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்குவான், பிறகு விரிந்து அவனுக்கே தலைவனாக நிற்பான். கார்ட்டூனில் அது செல்லும். படத்தில் செல்லாது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்துவிட்டார்கள்: எவ்வளவு இரும்பு உள்ளே போகிறதோ அவ்வளவு இரும்புதான் வெளியே வர வேண்டும். இந்த ஒரு விதியில்தான் படத்தின் மானமே இருக்கிறது. கார்ட்டூனில் மூக்கில்லாத தட்டை லாரியாக இருந்த ஆப்டிமஸ், படத்தில் நீள மூக்குள்ள பீட்டர்பில்ட் 379 ஆனதும் இதனால்தான். பெரிய லாரி இருந்தால்தான் பெரிய ஆள் கிடைப்பார். தட்டை மூக்கு போனதற்காக அன்று எத்தனை பேர் சண்டை போட்டார்கள்! நானும் முணுமுணுத்தேன். காரணம் தெரிந்தபிறகு அந்த மூக்கே பிடித்துப்போனது.

17 மார்ச் 2009

இரண்டாம் பாகமே இன்னும் வரவில்லை, மூன்றாம் பாகம் 2011 ஜூலை 1 என்று பட நிறுவனமான பாரமவுண்ட் தேதி குறித்துவிட்டது. தனக்கு ஒரு வருடம் ஓய்வு வேண்டும் என்று பே சொல்கிறார். நான் பே பக்கம்.

இதில் எனக்குப் பயமும் இருக்கிறது. இந்த இரண்டாம் பாகம் எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரி வரை ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். ராபர்ட்டோ ஓர்சி, அலெக்ஸ் கர்ட்ஸ்மேன், எஹ்ரன் க்ரூகர் மூவரும் கதைச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு பே தானே சண்டைகளையும் இடங்களையும் திட்டமிட்டார். வேலைநிறுத்தம் முடிந்த சில மாதங்களில் படப்பிடிப்பு. ரிலீஸ் மாதம் மட்டும் நகரவில்லை. கதை சரியாக ஊறியிருக்குமா என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

18 மார்ச் 2009

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இரவெல்லாம் யோசித்தேன். கதை பலவீனமாக இருந்தாலும் இந்தப் படம் என்னை ஜெயிக்க வழி உண்டு. பே படத்தின் சில காட்சிகளைப் பெரும் திரைக்கான ஐமேக்ஸ் கேமராவில் எடுத்திருக்கிறார். அந்தக் கேமரா கனமானது, சத்தம் போடுவது, இஷ்டத்துக்குத் தூக்கி ஆட்டுவது கஷ்டம். அத்தனை உயரமான திரையில் படபடவென்று வெட்டினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆக, கருவியே அவரை நிதானப்படுத்தும். சொல்லிக் கேட்காத மனிதர் கேமராவின் எடைக்காவது கட்டுப்படட்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

18 மார்ச் 2009, மாலை

படத்தின் கதாநாயகன் ஷையா லபூஃபின் கைக்கட்டு பற்றிக் கேட்டவருக்கு: அது வேடம் இல்லை. 2008 ஜூலையில் கார் விபத்தில் கை நசுங்கியது. அந்தக் காயத்தைக் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள்.

9 மே 2009

முழு முன்னோட்டத்தைப் பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது.

ஒன்று, டெவஸ்டேட்டர். கட்டுமான வண்டிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே பூதமாக எழும் அந்த ஆசாமி. பழைய பொம்மையில் ஆறு பேர், ஆறும் பச்சை. ஒவ்வொன்றும் தனியாக ஒரு வண்டி, தனியாக ஒரு ரோபோ, சேரும்போது ஒரு காலோ கையோ. பிள்ளையாக இருந்தபோது இதைவிடப் பெரிய அதிசயம் எனக்கு இல்லை: ஆறு பேர் சேர்ந்தால் ஏழாவதாக ஒருவன் வருகிறான்! படத்தில் அவன் பிரமிடில் ஏறுகிறான். அந்த இணைப்பை முழுசாகக் காட்ட வேண்டும். எந்த வண்டி எந்தத் தோளாகிறது என்று ரசிகனின் விரல் தொட்டுக் காட்டும்படி இருக்க வேண்டும். மறைக்கக் கூடாது.

இரண்டு, ஜெட்ஃபயர். எஸ்.ஆர்-71 பிளாக்பேர்ட் விமானம் கிழவனாக எழுந்து நிற்கிறது. இவருடைய 1985 பொம்மை மேக்ராஸ் என்ற வேறொரு ஜப்பானியத் தொடரின் விமானம். உரிமைச் சிக்கலால் கார்ட்டூனில் உருவத்தை மாற்றி ஸ்கைஃபயர் என்று பெயரையும் மாற்றினார்கள். பெட்டியில் ஒருவர், திரையில் இன்னொருவர் என்று பாவம் அலைக்கழிந்தவர். கடைசியில் அவருக்கென்று ஒரு சொந்த உடம்பு கிடைத்துவிட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று, காடு. பகல் வெளிச்சம், மரங்கள், நடுவே தனியாக ஆப்டிமஸ், சுற்றிலும் டிசெப்டிகான்கள். இதைத் தனியாக எழுதுகிறேன்.

10 மே 2009

காட்டுக்கு முன் குரலைப் பற்றி. மேலே யாரோ ஆப்டிமஸுக்குப் பெரிய நட்சத்திரம் ஒருவரைப் போட்டிருக்கலாம் என்று எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1984 கார்ட்டூனிலிருந்து அந்தக் குரல் பீட்டர் கல்லனுடையது. முதல் படத்துக்கு அவரையே போட வேண்டும் என்று ரசிகர்கள் எழுதி எழுதி ஓயாமல் கேட்டார்கள். அவரும் போய்க் குரல் தேர்வு கொடுத்துத்தான் வந்தார்.

அவருடைய அண்ணன் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க மரைன் படை வீரர். ஹீரோ வேடத்துக்குக் குரல் தேர்வுக்குப் போகிறேன் என்று தம்பி சொன்னபோது, கத்திக் காட்டாதே, மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமையாக இரு என்ற பொருளில் சொல்லி அனுப்பினாராம். கல்லன் அந்த அண்ணனையே மனதில் வைத்துப் பேசினார். சந்தில் ஆப்டிமஸ் குனிந்து பேசும்போது அந்த அண்ணன்தான் பேசுகிறார் என்று நினைத்துக் கேட்டுப் பாருங்கள். நட்சத்திரத்தால் அது முடியுமா?

இன்னொரு நல்ல செய்தி. பழைய கார்ட்டூனில் மெகட்ரானுக்கும் அவனுடைய ஒற்றன் சவுண்ட்வேவுக்கும் பேசிய ஃபிராங்க் வெல்கர் இந்த முறை சவுண்ட்வேவாகத் திரும்புகிறார். மெகட்ரானுக்கு ஹியூகோ வீவிங் தொடர்கிறார், அவரும் நன்றாகத்தான் பேசினார், ஆனாலும் மனசு வெல்கரைக் கேட்கிறது.

31 மே 2009

புதிய பொம்மைகள் வந்துவிட்டன. பெரிய ஆப்டிமஸை மாற்றிக்கொண்டே இதை எழுதுகிறேன். கைமுட்டி தனித் துண்டு இல்லை, முழங்கைக்குள்ளேயே மடிகிறது! அந்த ஒன்றுக்காகவே வடிவமைத்தவரைக் கட்டிக்கொள்ளலாம். மாற்றும்போது தோளை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரியாமல் சிக்கிக்கொள்வேன், பிறகு ஒரு கீலில் ‘டக்’ என்று விழும், அதோடு மற்றதெல்லாம் தானாக வழிவிடும். படத்தில் நான் கேட்பதும் அந்த ‘டக்’கைத்தான். ஒன்று இன்னொன்றில் சரியாகப் போய் உட்காரும் அந்தக் கணம்.

9 ஜூன் 2009

டோக்கியோவில் நேற்று முதல் காட்சி முடிந்துவிட்டது. இனி 24-ஆம் தேதி வரை இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்க வேண்டும். படம் இரண்டரை மணி நேரமாம். கரும்பு தின்னக் கூலியா!

காட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். என் சந்தேகம் இது: ஆப்டிமஸ் அங்கே சாகப் போகிறார். முன்னோட்டத்தில் அவர் தனியாக, அவர்கள் கூட்டமாக. அதற்குப் பிறகு வரும் பாலைவனக் காட்சிகளில் அவரை நிறையக் காட்டவே இல்லை.

1986 கார்ட்டூன் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். அதில் ஆப்டிமஸைக் கொன்றுவிட்டார்கள். பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும், அதுதான் காரணம். கணக்குப் போட்டவர்களுக்கு அது சரக்கு மாற்றம், திரையரங்கில் இருந்த பிள்ளைகளுக்கு அப்பா செத்துவிட்டார். குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள், பெற்றோர் கடிதம் எழுதினார்கள். 1987-ல் கார்ட்டூனிலேயே அவரை உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. பொம்மையை ஆளாக்கியவர்களே அது ஆளாகிவிட்டதை நம்பவில்லை, பிள்ளைகள்தான் நம்பினார்கள்.

அதனால் இந்த முறை அவர் சாவதாக இருந்தால் கதைக்காகச் சாகட்டும். அந்த மரணத்துக்கு எடை இருக்கட்டும்.

26 ஜூன் 2009 (பார்க்காதவர்கள் படிக்க வேண்டாம்)

பார்த்துவிட்டேன். ஐமேக்ஸில்.

காடு! நான் கேட்டதெல்லாம் அங்கே இருக்கிறது. கேமரா பின்னால் போய் நிற்கிறது. மரம் எவ்வளவு உயரம், அதற்கு மேல் ஆப்டிமஸின் தோள் எவ்வளவு உயரம் என்று கண் அளக்கிறது. மெகட்ரான், ஸ்டார்ஸ்கிரீம், கிரைண்டர் மூவரையும் அவர் ஒருவராக எதிர்கொள்கிறார். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. கையிலிருந்து வாள் நீளும்போது அது எந்த மடிப்பிலிருந்து வந்தது என்றுகூடத் தெரிகிறது. பிறகு மெகட்ரான் பின்னாலிருந்து நெஞ்சைத் துளைக்கிறான். சாகும் நேரத்திலும் அந்தக் குரல் பையனை ஓடச் சொல்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, முன்பே ஊகித்திருந்தும்.

ஜெட்ஃபயரும் அருமை. கிழவர் என்பதால் மெதுவாக மாறுகிறார், மெதுவாக மாறுவதால் எல்லாமே தெரிகிறது. அங்கங்கே கழன்று விழுகிறது. விமானத்தின் சக்கரக் கால் ஊன்றுகோலாகிறது. முடிவில் தன் உடம்பையே ஆப்டிமஸுக்குக் கொடுத்துவிடுகிறார். பையனின் கார் ரோபோவான பம்பிள்பீ கண்ணாடி கழுவும் நீரைப் பீய்ச்சி அழுத இடத்தில் அரங்கமே சிரித்தது, நானும்தான்.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

27 ஜூன் 2009

டெவஸ்டேட்டர். இணைப்பைக் காட்டினார்கள், புழுதிக்கு நடுவே, ஆனாலும் காட்டினார்கள். பிரமிடில் அவன் ஏறும்போது கல் உதிர்வது பிரமாதம். ஆனால் அவன் சேர்ந்து நிற்கும் அதே நேரத்தில், அவனுக்குள் இருக்க வேண்டிய வண்டிகளைப் போன்ற ரோபோக்கள் வேறோர் இடத்தில் தனியாகச் சண்டை போடுகின்றன! ஆறு பேர் சேர்ந்தால் ஏழாவது ஒருவன் என்ற அந்த அதிசயம் அதோடு போயிற்று. யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாவிட்டால் அவன் வெறும் பெரிய பூதம், அவ்வளவுதான். அவனை வைத்து அடித்த மலிவான நகைச்சுவையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கிட்ஸ், மட்ஃபிளாப் என்ற ரோபோ இரட்டையரைப் பற்றி விமர்சகர்கள் எழுதுவது முழுக்கச் சரி. ஓர் இனத்தைக் கேலி செய்யும் பாணியில் அவர்களைப் பேச வைத்திருக்கக் கூடாது, படிக்கத் தெரியாது என்று வேறு சொல்ல வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்கும் படம் இது.

சவுண்ட்வேவ் செயற்கைக்கோளாக மேலேயே சுற்றுகிறான். விண்வெளியில் இருந்துகொண்டு ஒட்டுக்கேட்பது அவனுக்குப் பொருத்தமான வேலை, உருவமும் நன்றாக யோசித்தது. படம் முழுக்கக் கீழே இறங்காததுதான் குறை.

29 ஜூன் 2009

ஐந்து நாளில் அமெரிக்காவில் மட்டும் 20 கோடி டாலர் வசூல். அதனால் படம் நல்ல படம் என்று ஒருவரும், விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள், அதனால் மோசம் என்று இன்னொருவரும் மேலே மோதிக்கொள்கிறார்கள். இரண்டு வாதத்திலும் ரோபோக்களே இல்லை. காட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுங்கள். அது எப்படி எடுக்கப்பட்டது, மற்ற இரண்டு மணி நேரம் ஏன் அப்படி எடுக்கப்படவில்லை என்று பேசுங்கள்.

மறுபடியும் போய்ப் பார்த்தேன். ஆப்டிமஸ் இறந்தபின் கதை தடுமாறுவது இந்த முறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பாலைவனத்தில் வெடிமேல் வெடி, யாருக்கு என்ன ஆகிறது என்ற பதைப்பே வரவில்லை. படத்தின் பெயரிலேயே இருக்கும் ஃபாலனை அத்தனை பெரிய வில்லன் என்று சொல்லிவிட்டுக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார்கள். வேலைநிறுத்தக் காலத்துக் கதை என்று மார்ச்சில் பயந்தேனே, அந்தப் பயம் நியாயமானதுதான்.

3 ஜூலை 2009

மூன்றாம் பாகத்துக்கும் இப்படியே காத்திருப்பீர்களா என்று முதலில் கேள்வி கேட்டவரே மறுபடியும் கேட்டிருக்கிறார். காத்திருப்பேன் நண்பரே. காட்டில் அந்தச் சில நிமிடங்களை எடுக்கத் தெரிந்தவர்களால் ஒரு முழுப் படத்தையும் அப்படி எடுக்க முடியும். எனக்கு வேண்டியது மூன்று: எழுத்தாளர்களுக்குப் போதுமான நேரம், ஒவ்வொரு டிசெப்டிகானுக்கும் தனி நிறம், அப்புறம் சவுண்ட்வேவ் பூமிக்கு இறங்கி வெல்கர் குரலில் ஆப்டிமஸின் முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். உங்கள் பட்டியல் என்ன?